ஒரு தெருவுக்கு ஒரு டிரைவ்: பழைய சிஸ்டத்தின் சிடி டிரைவைப் புது லேப்டாப்போடு பகிர்ந்துகொள்ளக் குறிப்புகள்

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கமானாலும் பாகூர் பக்கமானாலும், பீரோவின் மேல் தட்டைத் திறந்தால் பட்டுப்புடவைக்கு அடியில் நாலு சிடியாவது இருக்கும். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். அட்டையில் டிவிடி என்று அச்சிட்டிருந்தாலும் வாயில் வருவது சிடிதான். நானும் அப்படியே எழுதுகிறேன். அதைப் போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. பிள்ளையின் புது லேப்டாப்பில் டிரைவே கிடையாது. டிரைவ் உள்ள பழைய சிஸ்டமோ மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. அதில் படம் ஓட்டினால் ஆள் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

இரண்டையும் சேர்த்துவிட்டால், பழையதன் டிரைவைப் புதியது தன்னுடையது போலவே திறக்கும். ஒரு ஒயரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் போதும்.

ஓரிடத்தில் இருப்பதை ஒயரோ ரேடியோவோ போட்டுப் பல இடத்தில் பயன்படுத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐடிஆர்சி அமைப்பு பணம் கொடுத்தது. இன்டர்நெட் வில்லியனூர் மையத்துக்கு வரும். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் கணினிகளுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியாகத் தகவல் போகும். டெலிபோன் லைனை நம்ப முடியாத காலம் அது. கரண்ட் போனால் சோலார் தகடு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எடுத்த அலை உயரம், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் கேட்டது. அதோடு ஒப்பிட்டால் கூடத்தில் இருக்கும் இரண்டு கணினியைச் சேர்ப்பது சின்ன வேலை.

1. கணினியைத் தொடும் முன் சிடியைப் பாருங்கள். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடத்தில் வெள்ளிப் பூச்சு போய்விட்டது, அங்கிருந்த படமும் போய்விட்டது. மற்ற இடம் வரலாம். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் டிரைவில் போடவே கூடாது. 52 எக்ஸ் டிரைவ் நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் சுற்றுச் சுற்றும். விரிசல் விட்ட சிடி உள்ளேயே சுக்குநூறாகி, சிடியோடு டிரைவும் போய்விடும்.

2. துடைப்பதானால் பழைய வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். தட்டு துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்காதீர்கள். டிரைவின் கண் வட்டப் பாதையில்தான் படிக்கிறது. குறுக்கே விழுந்த கீறலைச் சமாளித்துவிடும், பாதையோடு போகும் கீறலில் தடுமாறும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வோர் உண்டு. கல்யாண சிடியில் அந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கட்சி. இன்னொன்று: சிடியில் படம் இருப்பது பளபளப்பான அடிப்பக்கத்தில் என்று நினைக்கிறோம். சாதாரண சிடியில் அது மேல்பக்கப் பூச்சுக்கு நேர் கீழே, மிக மெல்லிய மறைப்பில் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் அங்கேதான் காயம். டிவிடியில் இரண்டு தகட்டுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பிழைக்கும்.

3. பழைய சிஸ்டம் ரொம்ப நாள் கிடந்திருந்தால் பட்டனைத் தட்டிவிடாதீர்கள். முதலில் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்க மூடியைக் கழற்றுங்கள். வயல் ஓரத்து வீடுகளில் சிபியு பெட்டி எலிக்கும் பல்லிக்கும் பிடித்த இடம். எங்கள் பெட்டியில் ஒரு கை நிறைய வைக்கோல் துணுக்கும் நெல் உமியும் இருந்தன. ஃபேன் சுற்ற முடியாமல் நூல் சிக்கியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போர்டில் படும். எலி கடித்த ஒயர் கண்ணில் பட்டால் அத்துடன் நிறுத்திவிட்டு 13ஆம் குறிப்புக்குப் போய்விடுங்கள்.

4. பட்டன் போட்டதும் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரையில் ஒன்றுமே வரவில்லையா? பெரும்பாலும் ராம் தகடுதான். கழற்றி, அதன் செம்பொன் நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, கிளிப் இரண்டும் டக்கென்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். திரை வந்து, தேதி தப்பு என்று எஃப்1 அழுத்தச் சொன்னால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்று கேளுங்கள். வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

5. தட்டு வெளியே வரவில்லை என்றால் டிரைவின் முகப்பில் குண்டூசி அளவில் ஒரு ஓட்டை இருக்கும். கரண்ட்டை நிறுத்திவிட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே அழுத்தினால் தட்டு ஒரு விரல்கடை வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். எங்கள் டிரைவில் பத்து வருடம் முன்பு காணாமல் போன பாட்டு சிடி ஒன்று அப்படித்தான் கிடைத்தது.

6. அடுத்து, பழையதில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் கவலையில்லை, கீழே உள்ள வழி அப்படியே நடக்கும். எக்ஸ்பி என்றால் புதியதோடு நேரே பேசாது. அவர்கள் 12ஆம் குறிப்புக்குத் தாவலாம்.

7. வீட்டில் இன்டர்நெட் மோடம் இருந்தால் அதுவே போதும். பழைய சிஸ்டத்தில் வைஃபை இருக்காது. ஒரு லேன் ஒயரை அதிலிருந்து மோடத்தின் பின்னால் உள்ள லேன் ஓட்டையில் செருகுங்கள். லேப்டாப் வழக்கம்போல வைஃபையில் இருக்கட்டும். இரண்டும் ஒரே மோடத்தில் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். இன்டர்நெட் பில் கட்டாமல் லைன் நின்றிருந்தாலும் இது வேலை செய்யும். வீட்டுக்குள் போகும் தகவல் வெளியே போய் வருவதில்லை. விருந்தாளிக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால் மட்டும் அதில் சேராதீர்கள். அது ஒன்றையொன்று பார்க்கவிடாது.

8. மோடம் இல்லாத வீட்டில் இரண்டு கணினியையும் நேராக ஒரு லேன் ஒயரால் கட்டலாம். முன்பு இதற்குக் கிராஸ் ஒயர் என்று தனியாக வாங்க வேண்டும். இப்போதைய லேன் போர்ட் எந்த ஒயர் வந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும். நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள்: பழையதற்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இதில் ஒரு சிக்கல் உண்டு. நேர் ஒயரை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எண்ணி, பஸ் ஸ்டாண்டில் இருப்பதுபோல் கதவைச் சாத்திக்கொள்ளும். பழையதில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸைத் திறந்து பப்ளிக் பகுதியிலும் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கை ஆன் செய்ய வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மோடத்தைக் கேட்டு வாங்கி வருவது மேல்.

9. பழையதும் லேப்டாப்தான் என்றால் இரண்டையும் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார்க்கலாம். பெரும்பாலான போன்களில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. முக்கியமாக, ஹாட்ஸ்பாட் போட்டதும் போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிடுங்கள். படம் போவதற்கு டேட்டா செலவாகாது. ஆனால் நெட் கிடைத்த சந்தோஷத்தில் விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கி அன்றைய டேட்டாவை ஒரு வாயில் விழுங்கிவிடும்.

10. இப்போது டிரைவைப் பகிர வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் பலரும் மாட்டுவது இங்கேதான்.

பழைய சிஸ்டத்தில் முதலில் ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. பாஸ்வேர்டு கேட்காமல் திறந்துவிடும் வழி ஒன்றும் அமைப்பில் இருக்கிறது. ஆனால் புது விண்டோஸ் 11 அப்படி வருவதை ஏற்க மறுக்கிறது. நான் ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். பாஸ்வேர்டு வைத்ததும் இரண்டு நிமிடத்தில் திறந்தது.

பிறகு கம்ப்யூட்டர் என்பதைத் திறந்து டிவிடி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங் என்று போங்கள். ஷேர் திஸ் ஃபோல்டர் என்பதில் டிக் போட்டு, சின்னதாக ஒரு பெயர் வையுங்கள். பெர்மிஷனில் ரீடு மட்டும் இருக்கட்டும். பவர் அமைப்பில் ஸ்லீப் என்பதை நெவர் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் பழையது தூங்கிவிடும்.

லேப்டாப்பில் ஃபோல்டர் சன்னலின் மேலே முகவரி எழுதும் இடத்தில் இரண்டு பின்சாய்கோடும் பழையதன் ஐபி முகவரியும் அடியுங்கள், \\192.168.50.1 என்பதுபோல. மோடம் வழியாகச் சேர்த்திருந்தால் முகவரி வேறாக இருக்கும். பழையதில் நெட்வொர்க் சின்னத்தைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஐபிவி4 என்ற வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பழைய சிஸ்டத்தின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான் கொடுக்க வேண்டும், லேப்டாப்பினுடையதை அல்ல. உள்ளே டிரைவ் தெரியும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து மேப் நெட்வொர்க் டிரைவ் கொடுத்துவிட்டால் அடுத்த முறை இந்தச் சடங்கெல்லாம் இல்லை. சிடியை மாற்றியதும் பழைய பட்டியலே தெரிந்தால் எஃப்5 அழுத்துங்கள்.

11. டிரைவ் தெரிந்த உடனே படத்தை ஓட்டாதீர்கள். காப்பி எடுங்கள். ஓட்டினால் டிரைவ் மூன்று மணி நேரம் சுற்றி நிற்கும். காப்பி எடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடம். வயதான டிரைவுக்கும் வயதான சிடிக்கும் இருக்கிற ஆயுளை எதில் செலவழிப்பது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றில் அதிகபட்சம் 4.7 ஜிபி. விண்டோஸ் கணக்கில் அது 4.37 என்று தெரியும், பயப்பட வேண்டாம். பழைய சிஸ்டத்தின் 100 எம்பிபிஎஸ் லேன் வழியாக ஒரு விநாடிக்குச் சுமார் 11 எம்பி போகும். 8 எக்ஸ் வேகத்தில் டிரைவ் படிப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே ஒயர் தடையல்ல. பழைய ஜி வகை வைஃபை என்றால் அதே வேலைக்கு அரை மணி நேரம் ஆகும்.

சிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுங்கள். உள்ளே விஓபி என்று முடியும் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் துண்டு துண்டாக இருக்கும். அதனால் பழைய வகை பென் டிரைவிலும் அடங்கும். 32 ஜிபி பென் டிரைவில் இப்படி ஆறு கல்யாணம் போகும். விஎல்சியில் ஓடும். டிவியில் செருகி ஓட வேண்டும், போனில் அனுப்ப வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த வேலை முழுக்க லேப்டாப்பிலேயே நடக்கட்டும். ஆனாலும் மூல ஃபோல்டரை அழிக்காதீர்கள். எம்பி4 ஆக்கும்போது கொஞ்சம் தெளிவு போகும், மூலம் இருந்தால் நாளைக்கு வேறு மாதிரி ஆக்கலாம்.

12. எக்ஸ்பி வைத்திருப்போருக்கு. எக்ஸ்பி பேசும் பழைய நெட்வொர்க் மொழி எஸ்எம்பி1. 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வானாக்ரை வைரஸ் அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி கணினியாகப் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதுக் கணினிகளில் தானாக வராதபடி எடுத்துவிட்டது. அதைத் திரும்ப ஆன் செய்யும் வழியைச் சொல்லித்தருவோர் உண்டு. கல்யாண சிடிக்காக வீட்டுப் பூட்டைக் கழற்றி வைப்பதுபோல அது. செய்ய வேண்டாம். எக்ஸ்பியிலேயே சிடியைப் பென் டிரைவுக்குக் காப்பி எடுத்து லேப்டாப்புக்குக் கொண்டு போங்கள். பின்பக்கத்து யுஎஸ்பி பழைய 1.1 வகையாக இருந்தால் ஒரு சிடிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். விண்டோஸே ஏறாமல் நின்றுவிட்ட சிஸ்டத்தைப் பப்பி லினக்ஸ் போன்ற சின்ன லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு எழுப்பலாம். கைப்பழக்கம் உள்ள பிள்ளை ஒன்று தெருவில் இருக்கும், பிடியுங்கள்.

13. பழைய சிஸ்டம் எழவே இல்லை, ஆனால் டிரைவ் நல்லது என்று தோன்றுகிறதா? டிரைவை மட்டும் கழற்றி எடுத்து யுஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்பில் போடலாம். பக்கத்துக்கு இரண்டாக நாலு திருகு, அவ்வளவுதான். பின்னால் இணைப்பைப் பாருங்கள். அகலமாக நாற்பது ஊசி வரிசையாக நின்றால் ஐடிஇ. எல் வடிவில் சின்னதாக இருந்தால் சாட்டா. ஐடிஇ என்றால் பக்கத்தில் ஜம்பர் என்ற குட்டித் தொப்பி இருக்கும். அதை மாஸ்டர் என்ற இடத்தில் மாட்டுங்கள்.

கடையில் சாட்டா டு யுஎஸ்பி ஒயர் என்று கேட்டால் கையடக்கமாக ஒன்றைத் தருவார்கள். அதை வாங்கி வந்து ஏமாந்தவன் நான். அது லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு ஆனது, 5 வோல்ட் மட்டும் தரும். டெஸ்க்டாப் டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட்டும் வேண்டும். செருகினால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், தட்டு அசையாது. டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து நான் அதைக் காயலான் கடைக்குக் கட்டிவிட்டேன். மறுவாரம்தான் விஷயம் தெரிந்தது. தனி பவர் அடாப்டரோடு வரும் ஒயராகக் கேளுங்கள். 12 வோல்ட் என்று அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இதுமாதிரி பழைய சாமான்கள் கண்ணில் படும். செருகிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

14. பழைய லேப்டாப்பின் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது 5 வோல்ட்டில் ஓடும். அடியில் ஒரே திருகு, கழற்றி இழுத்தால் அலமாரி இழுப்பறைபோல் வந்துவிடும். அதைப் போட்டுக்கொள்ள யுஎஸ்பி கேஸ் என்று பிளாஸ்டிக் உறை விற்கிறது. 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு கனத்தில் வரும். ஸ்கேலால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் எல்லையோர ஊர்களில் நம் சொந்தக்காரர் வீடுகளிலும் உண்டு. டிரைவ் உள்ளதா என்று பக்கவாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

15. பாட்டு சிடியைப் பகிர முடியாது. லேப்டாப்பில் திறந்தால் சிடிஏ என்று முடியும் கோப்புகள் வரிசையாகத் தெரியும், காப்பியும் ஆகும். ஆனால் ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு அதில் இல்லை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. பழைய சிஸ்டத்திலேயே விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து ரிப் என்ற பட்டனை அழுத்தி எம்பி3 ஆக்குங்கள். பிறகு அந்த ஃபோல்டரைப் பகிருங்கள். பணக்காரக் கணினியும் இதில் தோற்றதுதான். ஆப்பிள் 2008இல் டிரைவே இல்லாத மேக்புக் ஏரைக் கொண்டுவந்து, பக்கத்துக் கணினியின் டிரைவைக் கடன் வாங்க ரிமோட் டிஸ்க் என்று ஒரு வசதி கொடுத்தது. அதிலும் பாட்டு சிடியும் சினிமா டிவிடியும் ஓடாது.

16. 2000ஐ ஒட்டி எடுத்த கல்யாணங்கள் விசிடியில் இருக்கும், ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு. எம்பிஇஜிஏவி என்ற ஃபோல்டரில் டாட் என்று முடியும் கோப்பைத் தேடி எடுங்கள், விஎல்சியில் ஓடும். படம் மங்கலாகத்தான் இருக்கும். எடுத்ததே அப்படித்தான்.

17. கடையில் வாங்கிய சினிமா டிவிடிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். அதைக் காப்பி எடுப்பது பற்றி இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும்: டிரைவ் எந்த மண்டலம் என்று கேட்டால் இந்தியாவுக்கு 5. ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது, விளையாட்டாக மாற்றாதீர்கள். துபாய் மாமா கொண்டுவந்த டிவிடிக்கு மண்டலம் 2.

18. பிரின்டர் வாங்கும்போது வந்த சிடியைப் போடுவதற்காக மட்டும் இவ்வளவும் செய்யாதீர்கள். அதில் இருப்பது அந்தக் காலத்து விண்டோஸுக்கானது. கம்பெனி இணையதளத்தில் புதியதே இலவசமாகக் கிடைக்கும்.

19. பகிர்ந்த டிரைவில் படிக்கலாம், எழுத முடியாது. புது சிடி போட்டுத் தர வேண்டும் என்றால் கோப்பைப் பழையதன் ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பி, அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும்.

20. பாதியில் நிற்கும் சிடியை உடனே குப்பையில் போடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். எழுதிய டிரைவே பல சமயம் நன்றாகப் படிக்கும், ஸ்டூடியோக்காரரிடம் பழைய சிஸ்டம் இன்னும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அன்ஸ்டாப்பபிள் காப்பியர் என்ற இலவச மென்பொருள் கெட்ட இடத்தைத் தாண்டி, எடுக்க முடிந்ததை எடுத்துத் தரும். ராத்திரி முழுக்க ஓடும். நம் ஊர் கரண்ட்டை நம்பி விட வேண்டாம். நேரே பென் டிரைவுக்குப் போகாமல் லேப்டாப்பில் இறங்கட்டும், அதற்கு பேட்டரி இருக்கிறது. பழையது நின்றாலும் வந்தவரை தங்கும்.

21. வெள்ளம் பார்த்த சிடிகள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கூரையைப் பிடுங்கியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களில் வீட்டுக்குள் நின்றது. அப்போது நனைந்த சிடிகள் பல வீடுகளில் அப்படியே மூட்டையாக இருக்கின்றன. நம்பிக்கை இழக்க வேண்டாம், சிடிக்குத் தண்ணீர் பெரிய எதிரி அல்ல, காய்ந்த சேறுதான் எதிரி. துணியால் தேய்த்தால் மணல் கீறும். குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் நீவி, இரண்டு முறை அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவையுங்கள். வெயில் ஆகாது. ஒட்டிக்கொண்ட அட்டையைப் பிய்க்காமல் தண்ணீரிலேயே ஊறி வரவிடுங்கள். ஓரம் புடைத்திருந்தால் டிரைவில் போடக் கூடாது. தண்ணீர் புகுந்த சிஸ்டத்துக்கு இந்த வைத்தியம் கிடையாது. அதைக் கரண்ட்டில் செருகாமல் 13ஆம் குறிப்பின்படி வேறு நல்ல டிரைவைத் தேடுங்கள்.

22. எடுத்த காப்பிக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2 என்று இருபது கிடந்தால் சிடியாகவே இருந்திருக்கலாம். ஆண்டு, ஊர், யார், என்ன விசேஷம்: 2006 மங்கலம் பெரிய அக்கா கல்யாணம் 1. பெயர் தெரியாத முகங்களைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு காப்பி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் பெண்ணிடமோ தம்பியிடமோ. இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் அது இரண்டு காப்பி அல்ல.

23. வேலை முடிந்ததும் ஷேரிங் டிக்கை எடுத்துவிட்டு லேன் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடும், 10க்கு 2025 அக்டோபர் 14ஓடும் மைக்ரோசாஃப்ட் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. இன்டர்நெட்டோடு கட்டிவைக்கும் கணினிகள் அல்ல அவை. காயலான் கடைக்குப் போடுவதானால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போடுங்கள்.

ஆனால் டிரைவ் ஓடுகிறது என்றால் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் போன ஆடியில் எங்கள் டிரைவைப் புதிதாக எண்ணெய் போட்டதுபோல் ஓடவைத்ததும், தெருவில் ஒன்பது வீட்டார் மஞ்சள் பையில் சிடி கொண்டுவந்தார்கள். ஒருவரிடமும் டிரைவ் இல்லை. உங்கள் தெருவிலும் யார் வீட்டில் ஓடுகிற டிரைவ் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில்தான் என்றால், மற்ற வீட்டுப் பீரோக்களையும் திறக்கச் சொல்லிவிட்டு அப்புறம் அதைக் கழற்றுங்கள்.